கப்பல் திரும்பும் என்று சொன்ன அக்கா

பூத்து அக்கா என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். தெருவே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற மனிதர் இப்படிக் கூப்பிடுகிறாரே என்று முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, நான் கூப்பிடாமல் கடந்துபோனால் உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்ததும் முதலில் வருவது சிரிப்பு. எனவே சிரிப்பில் இருந்தே தொடங்குகிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பம் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அவருடைய எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கூண்டு இரண்டு, அவர் உட்காரும் மேசை, சுவரில் ஒரு சின்ன டி.வி., காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. எங்கள் பகுதியில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பிரான்சில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சு நிரம்பி வாசல் வரை ஆள் நிற்கும். கூண்டுகளின் கதவு சரியாக மூடாது. உள்ளே பேசுபவரின் பேச்சு வெளியே எல்லோருக்கும் கேட்கும், மறுமுனையில் இருப்பவர் பேசுவது கேட்காது. எங்களுக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அக்காவுக்குத்தான் மறுபாதி வேண்டும்.

ஒரு ஞாயிறு, பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் பாரிசில் இருக்கும் மருமகளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அக்கா பில்லைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"இவ்ளோ நேரம் நீயே பேசினியே, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு?"

"அது இன்னாத்த சொல்லும்?"

"அதான் கேக்குறேன். அங்க இப்ப விடியக்கூட இல்ல. தூக்கத்துல எழுப்பித் திட்டுனா யாருக்குத்தான் பேச்சு வரும்?"

அந்த அம்மாள் இனி இந்தப் பூத்துக்கே வரமாட்டேன் என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வந்தார். கொஞ்சம் மெதுவாகப் பேசினார்.

இதுதான் அக்கா. யார் அங்கே இல்லையோ அவர் கட்சி. கரண்ட் போனால் நாங்கள் லைன்மேனைத் திட்டுவோம். அவர் மட்டும், பாவம் எந்தக் கம்பத்தின்மேல் நிற்கிறானோ என்பார். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் எல்லோருக்கும் அவர் சொல்தா. அவருடைய சைக்கிள் ஒருநாள் திருடுபோய்விட்டது. திருடனின் பரம்பரையையே தமிழிலும் பிரெஞ்சிலும் திட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு, "அவனுக்கு இன்னா அவசரமோ அண்ணே" என்றார்.

"அப்போ நான்தான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஆளு கெடைச்சா கேளுங்க."

அக்காவின் கணவர் மில் மூடியதும் வேலை தேடி வெளியூர் போனவர். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பதாக ஒரு பேச்சு தெருவில் உண்டு. யாரோ துணிந்து அதை அவரிடமே எடுத்தபோது, "அவரு இங்க இல்லியே, வந்து பதில் சொல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் 'ஒன்பதாம் ஓடம்' கிடைத்தால் என்ன ஆகும்?

இன்றைய வாசகர்களுக்கு அந்தத் தொடரைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். பூமியை விட்டு வேறொரு சூரியனைத் தேடிப் போகும் விண்கலத்தின் கதை. தமிழில் அப்படி ஒரு தொடரை எடுக்க யாருக்குத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பணம் நிச்சயமாக வரவில்லை. விண்வெளி உடை மழைக்கோட்டுத் துணி. கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் மினுக்கியவை திருவிழா சீரியல் பல்புகள். வெளிவாசல் கதவு ஒரு இரும்பு பீரோவின் கதவு, கண்ணாடி இருந்த இடத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். முதலில் ஒளிபரப்பானபோது யாரும் பார்க்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் கேபிள்காரர் எங்கிருந்தோ கேசட் பிடித்து ஞாயிறு காலைகளில் போட ஆரம்பித்தார். ஊருக்குப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். போன் பேச வராதவர்களும் பூத்துக்கு வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள். எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த செல்வா தன் கடையைப் பூட்டிவிட்டு வருவான். சொல்தா தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். நானும் போவேன், அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு.

கடைசி வாரக் கதை இது. கலம் ஒரு செத்த நிலாவின் ஈர்ப்பில் சிக்கிக்கொள்கிறது. அதை விடுவிக்க ஒருவர் கீழேயே தங்கி ஒரு விசையை இயக்க வேண்டும். ஆதன் என்கிற மாலுமி தங்குகிறான். கலம் விடுபட்டுப் போகிறது. இருட்டில் அவன் குரல் மட்டும் கேட்கிறது. "ஒன்பதாம் ஓடம், ஒன்பதாம் ஓடம், கேட்கிறதா?" அவ்வளவுதான். பதிலே இல்லை, அதற்குமேல் படம்பிடிக்கவே இல்லை. கேபிள்காரரும் வேறு வழியில்லாமல் அடுத்த வாரம் முதலில் இருந்து போடுவார்.

எங்களுக்கு அது வருத்தம். அக்காவுக்கு அவமானம் போல இருந்தது. "ரிங் போவுது, எடுக்க ஆளில்ல. இது இன்னா நியாயம்?" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதும் ஆதனை விட்டுப்போன கேப்டனைக் குறை சொல்ல விடமாட்டார். கேப்டன் காதில் விழுந்ததோ என்னவோ, நமக்கென்ன தெரியும் என்பார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் பூத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். கரண்ட் இல்லை. அவர் கேட்டார்.

"சாரு, நீங்க படிச்சவரு. அந்தாளு இன்னா ஆயிருப்பாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் கேள்வி கேட்டே ரொம்ப நாள் ஆகியிருந்தது. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அந்தத் தொடரின் கதைக்குழுவில் இருக்கிறான், முடிவை எழுதியே வைத்திருக்கிறார்கள், கப்பல் திரும்பி வந்து ஆதனை ஏற்றிக்கொள்ளும் என்றேன். அப்படி மாணவன் யாரும் இல்லை. அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எரிபொருள் எப்படிப் போதும் என்று கேட்டார். நிலாவையே ஒரு சுற்றுச் சுற்றி அதன் ஈர்ப்பில் வேகம் எடுப்பார்கள் என்றேன். கொஞ்சம் இயற்பியல் கலந்தால் பொய்க்கு நல்ல உடம்பு வந்துவிடுகிறது.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு வாரமும் அந்த மாணவன் போனில் சொன்னதாக ஏதாவது சேர்த்தேன். கலத்தில் உள்ளவர்கள் ஓட்டு எடுப்பார்கள், திரும்ப வேண்டாம் என்பவர்கள் தோற்பார்கள், கதவைத் திறப்பது கேப்டனின் மகள், இப்படி. அக்கா எல்லாவற்றையும் வாடிக்கையாளர்களிடம் ஒப்பித்தார். செல்வா அதைக் கேட்டு இணையத்தில் ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் எழுதிவிட்டான். கடலூர், விழுப்புரம், சென்னை, எங்கெங்கோ இருந்தவர்கள் 'புதுச்சேரி அக்கா சொன்ன முடிவு' என்று பேச ஆரம்பித்தார்கள். சிலர் பூத்துக்கே போன் செய்து கேட்டார்கள். அக்கா ஆதாரமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். எங்க தெரு புரொபசரு சொன்னாரு.

நாலைந்து வருடம் இப்படியே போனது. திடீரென்று ஒருநாள் செல்வா செருப்பைக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்தான். 'ஒன்பதாம் ஓடம்' சினிமாவாகிறது. விட்ட இடத்தில் இருந்து தொடங்கி முடித்துவிடப் போகிறார்கள். அக்கா மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்து நின்று சாமிக்குச் செய்வதுபோல டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டார். டி.வி.யில் அப்போது பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதங்களைப்போல் எங்கள் சந்து எந்தப் பொங்கலுக்கும் இருந்ததில்லை. நடிகர்கள் யாரும் பெரிய ஆட்கள் இல்லை என்பதால் கட்அவுட் யாருக்கு வைப்பது என்று பிரச்சினை வந்தது. கடைசியில் கப்பலுக்கே வைப்பது என்று முடிவானது. செல்வாவும் அவன் சிநேகிதர்களும் தெர்மோகோலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஒன்பதாம் ஓடம் செய்து தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். ரோஜா மாலை ஒன்று தயாராக இருந்தது. கப்பலுக்கு முகம் எது என்பதில் தகராறு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. என்னைக் கேட்டார்கள். நான் யோசிப்பதுபோல் கண்ணை மூடித் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினேன். அங்கே மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பாலையும் ஊற்றினார்கள். படத்தின் முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது, அது புகை வரும் பக்கம்.

படம் வருவதற்கு முதல்நாள் மதியம் நான் பூத்துக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடத்தான். படத்தின் முடிவு எனக்கும் தெரியாது. ஒருவேளை கப்பல் திரும்பலாம். ஆனால் அக்கா தன் பேச்சை நம்பி வெளியூர்களில் இருந்து இருபது முப்பது பேர் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்கெல்லாம் காலையில் இட்லிக்குச் சொல்லியாகிவிட்டது. நான் போனபோது சொல்தா பெஞ்சில் உட்கார்ந்து அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"கப்பல் திரும்பலன்னா இன்னா பண்ணுவே?"

"திரும்பும்ணே."

"திரும்பலன்னா?"

"அப்ப எம் பேச்சுக்கு மரியாத இல்லன்னு அர்த்தம். பூத்த இழுத்து மூடிக்கினு போறேன். ஆனா திரும்பும். சாரு வந்துட்டாரு, அவரையே கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு ஒரு லோக்கல் கால் போட வேண்டும் என்றேன். கூண்டுக்குள் போய், பத்து நிமிடத்துக்கு முன் பார்த்துவிட்டு வந்த மனைவியிடம், என்ன குழம்பு என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

காலைக் காட்சி. சீரியல் பல்புகளும் பீரோக் கதவும் பெரிய திரையில் வந்தபோது விசில் காதைப் பிளந்தது. படம் எடுத்தவர்கள் புத்திசாலிகள், பணம் வந்தும் அந்தக் கதவை மாற்றவில்லை. அக்கா நடு வரிசையில் வெளியூர் ரசிகர்களுக்கு மத்தியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பக்கத்திலேயே இடம் வைத்திருந்தார். நான் கால் வலி என்று சொல்லி ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கப்பல் திரும்பவில்லை. ஆதன் கூப்பிடுகிறான், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். கலத்தில் எல்லோரும் நின்று கேட்கிறார்கள். கேப்டன் அழுதுகொண்டே ரேடியோவை அணைக்கிறார். திரை இருட்டானது. நேர்மையாகச் சொன்னால் நல்ல முடிவு. அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"பூத்து அக்கா, லைன் கட்டாயிடுச்சா?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. விளக்கு போட்டார்கள். அக்காவும் சிரிக்க முயன்றார். பிறகு முந்தானையை இழுத்துக்கொண்டு, கடையைத் திறக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு முதல் ஆளாக வெளியே போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லோர் கண்ணும் என்மேல் விழுந்திருக்கும். அதனால்தான் பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தியேட்டருக்கு எதிரே டீக்கடையில் வெளியூர்க்காரர்கள் கூடினார்கள். காலையில் அக்கா கொடுத்த இட்லி அவர்கள் வயிற்றில் இருந்தது. அந்தப் பொம்பளை நம்மைப் பல வருடம் ஏமாற்றிவிட்டது என்றான் ஒருவன். தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளக் கட்டின கதை என்றான் இன்னொருவன். புரொபசர் என்று ஒரு ஆளே இருக்கமாட்டான், அதுவும் அது விட்ட கப்ஸாதான் என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு மத்தியில் கையில் டீயோடு நின்றிருந்தேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. கூட நின்ற செல்வாவுக்கும் சொல்தாவுக்கும் தெரியும். சொல்தா என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சார் எங்க தெருதான். அவர கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தம்மா அப்படித்தான். எதையாவது சொல்லிட்டே இருப்பாங்க. நாங்கள்லாம் பெருசா எடுத்துக்கிறதில்ல."

சொல்தா குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் கீழே ஊற்றிவிட்டு நடந்தார். அதன்பிறகு அவர் என்னிடம் பேசியது குறைவு.

மறுநாள் பூத் வரை போனேன். வாசலில் படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்த கதவுக்குப் பின்னால் செல்வாவின் குரல் கேட்டது. புரொபசர் உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடையில் நடந்ததை அவன் சொல்லவில்லை, நல்ல பையன். அக்காவின் பதில் தெளிவாகக் கேட்டது.

"சாரு இங்க இல்ல. இல்லாத ஆளப் பத்திப் பேசாத. அவரு சொன்னதுதான் நெஜக் கதை. எடுத்தவங்க மாத்திட்டாங்க."

"ஏங்க்கா மாத்தணும்?"

"கப்பலத் திருப்புறதுன்னா சும்மாவா? எவ்ளோ செலவு ஆவும். புரொடியூசரும் பாவம் இன்னா பண்ணுவாரு?"

நான் படியில் இருந்து ஓசைப்படாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அக்கா சொன்னபடி பூத்தை மூடிவிடவில்லை. ஆனால் ஞாயிறுகளில் பெஞ்சில் யாராவது "அக்கா, கப்பல் எப்போ திரும்பும்?" என்று கேட்காமல் போனதில்லை. மனைவியருக்கும் மருமகள்களுக்கும் அவர் பரிந்து பேசினால், "ஆமா, உனக்குத் தெரியும்" என்று வாயை அடைத்தார்கள். அவர் பேச்சுக்கு முன்பு இருந்த எடை போய்விட்டது. பிறகு எல்லோர் கைக்கும் செல்போன் வந்தது. பூத் தானாகவே மூடிக்கொண்டது. அவர் மகன் வீட்டோடு இருக்க தவளக்குப்பம் போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து நான் அங்கே போனேன். கடலூர் ரோட்டு ஜங்ஷனில் ரீசார்ஜ் கூப்பன் விற்கும் ஒரு சின்னக் கடையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் அடைந்த சந்தோஷம் எனக்குப் பொறுக்கவில்லை. கலர் சோடா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அது வருவதற்குள் சொல்லிவிட்டேன். கதைக்குழுவில் எனக்கு யாரையும் தெரியாது, எல்லாம் நானே கட்டியது என்று.

அவர் சிரித்தார்.

"உடுங்க சாரு. அன்னிக்கு மழ. கரண்டும் இல்ல. நான் வேற தொணதொணத்துக்கினு இருந்தேன். அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு?"

"நான்தான் அக்கா அந்த மனுஷன்."

"நீங்க இப்ப வந்து பேசுறீங்க. அன்னிக்கிருந்த சாரு இங்க இல்லியே. அவரப் பத்தித் தப்பா பேசாதீங்க."

சொல்லிவிட்டு அவரே தன் பேச்சை ரசித்தார். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். கலர் வந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நான் பேசியதையும் சொன்னேன். அவர்கள் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அக்கா கூப்பன்களை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் இல்லாதப்பவா?"

"ஆமா."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வீட்டம்மா சௌக்கியமா என்று கேட்டார். கலரை முழுக்கக் குடிக்க வைத்தார். நான் கிளம்பியபோது கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்கூட பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

டவுனுக்குப் போகும் பஸ் வெகுநேரம் வரவில்லை. நல்ல வெயில். நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. டிரைவர் எங்காவது வண்டியை ஓரம்கட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான் என்றார் ஒரு பெரியவர். சம்பளம் வந்தால் போதும், இவனுங்களுக்கு நம் அவசரம் எங்கே தெரியும் என்றாள் கூடையோடு நின்ற பெண். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் அக்கா பேசுவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

பஸ் வந்தது. "பாத்து ஏறுங்க சாரு" என்றார்.